அசையாத கை

என் அன்பான அப்பாவுக்கு,

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டாள். எதற்கும் முதல் ஆளாய்ப் போய் நிற்கும் உங்கள் ரத்தம்தானே. மூக்கும் அப்படியே உங்களுடையது, பாவம்.

பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். மூக்கில் குழாய், காலில் ஊசி. பிழைப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஒவ்வொரு நாளா பாப்போம்மா" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல்முறை என்னை உள்ளே விட்டபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? விரலை மடக்கி அந்தக் கண்ணாடியில் மூன்று தட்டு தட்டினேன். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்தவளைத் தவிர வேறு யார் அப்படிச் செய்வார்கள்? பாறை சரிந்து நீங்களும் கூட்டாளிகளும் உள்ளே அடைபட்ட கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். காற்றுக் குழாயில் மூன்று தட்டு தட்டினீர்களாம். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு திரும்பி வந்ததாம். "அதக் கேட்டதும் பாதி பயம் போயிடுச்சும்மா. அந்தப் பக்கம் ஆளு இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்பீர்கள்.

அதற்கப்புறம் நம் வீட்டில் எல்லாமே தட்டல்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து நீங்கள் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்களும் கதவைத் திறப்பார்கள். ஜெபம் பண்ண உட்கார்ந்தாலும் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பீர்கள். "கர்த்தருக்கு என்ன காது கேக்காதா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

நெஞ்சில் சுரங்கத் தூசு ஏறி, மூச்சுக்குத் திணறி நீங்கள் கிடந்த கடைசி நாளில் நானும் கட்டில் கம்பியில் தட்டினேன். நீங்கள் திருப்பித் தட்டவில்லை. ஜெபித்தேன், அங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் சர்ச்சுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று என் மனசு முடிவு கட்டிவிட்டது அப்பா.

"தட்டபேடி மேடம், தட்டபேடி" என்று, நான் கண்ணாடியில் தட்டிய சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்தார். கன்னடக்காரர்தான், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டார். "தட்டாதீங்கம்மா. வெளிய நமக்குச் சின்ன சத்தம். உள்ள பாப்பாவுக்கு இடி விழுந்த மாதிரி."

பாப்பா கையையும் காலையும் உதறிக்கொண்டிருந்தாள். மானிட்டரில் எண்கள் எகிறின. நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவரே பெட்டியின் பக்கவாட்டுத் துவாரத்தைத் திறந்தார். "கை உள்ள விடுங்க. ஒண்ணு தலமேல, ஒண்ணு காலுகிட்ட. தடவாதீங்க, ஆட்டாதீங்க. சும்மா வெச்சுக்கோங்க. அஷ்டே, அவ்வளவுதான்."

வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உதறல் அடங்கியது. எண்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. அவள் வாயைக் குவித்துக்கொண்டு, இந்த ஊரின் டிராஃபிக்கோ மருந்து வாடையோ தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதுபோலத் தூங்கிப்போனாள்.

அது என் கை என்று அவளுக்குத் தெரியாது. கை என்றால் என்னவென்றே தெரியாது. அசையாமல் இருப்பதால், அப்படி ஒன்று இருப்பதுகூட அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் அதற்குள்தான் தூங்குகிறாள்.

"ஆண்டவரே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சத்தம் வரவில்லை என்று நான் முறைத்துக்கொண்டு திரிந்த வருஷங்களில், என்னைச் சுற்றி இருந்தது என்ன? அப்பா, அன்றைக்கு நீங்கள் திருப்பித் தட்டாமல் கிடந்தது, ஆண்டவரின் கைக்குள் இப்படி அடங்கிப்போனதால்தானா? கேட்டால் சிரிப்பீர்கள். "இத்தன படிச்சும் இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்பீர்கள்.

வெளியே உங்கள் மருமகன் நின்றிருந்தார். பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் பர்மிஷன் போட்டுவிட்டு, சாப்பிடாமல்கூட ஓடி வந்திருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"புதுசா ஒண்ணும் சொல்லல. பாப்பா தூங்குறா. அவ தனியா இல்லீங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார். பயம் எனக்கு இன்னும் போகவில்லை அப்பா, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியிலும் ஏதோ ஒன்று என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அவள் பொம்மனஹள்ளி வீட்டுக்கு வந்தாலும் சரி, உங்களிடம் வந்தாலும் சரி, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போவாள். நடுவில் விழ இடமே கிடையாது. இப்போது என் முறை. என்னை உள்ளே விடும் நேரமெல்லாம், மரத்துப்போனாலும், நான் கையை எடுக்க மாட்டேன்.

உங்கள் மகள்,
உங்கள் பேத்தியின் அம்மா,
எஸ்தர்