கடலுக்குப் போகாதவன்ர பங்கு

சேசு மரி சூசை துணை

மெலிஞ்சிமுனை,
ஊர்காவற்றுறை.
16.03.1989

என்ர அன்பு மகள் மாக்கிறேற்றுக்கு அப்பு எழுதிக்கொள்ளுறது,

நீயும் சின்னவள் ஜெசிந்தாவும் அந்தக் குளிருக்குள்ள தடிமன் காய்ச்சல் ஒண்டுமில்லாமல் இருக்கவேணுமெண்டு ஒவ்வொரு நாளும் மாதாவிட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். என்னைப் பற்றிக் கேட்டால் முழங்கால் ஒண்டைத் தவிர மிச்சமெல்லாம் இன்னும் சொல்லுக் கேட்குது. இஞ்சை தவக்காலம் நடக்குது, வெள்ளிக்கிழமையில சிலுவைப்பாதைக்குப் போய் முழந்தாளில நிக்க ஏலாமல் வாங்கில இருந்துகொண்டுதான் செபிக்கிறன், சுவாமியார் கண்டும் காணாத மாதிரிப் போறார். கடலுக்கு நினைச்ச நேரம் இறங்க ஏலாது, ஆமிக்காரர் பாஸ் பாத்துத்தான் விடுகினம், அதால மீனும் விலை கூடிப்போச்சு. நீ விட்டிட்டுப் போன மறி ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, ஒண்டு கறுப்பு, மற்றது என்ன நிறமெண்டு எனக்கே விளங்கேல்லை. உன்ர கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு மூண்டு தரம் வாசிச்சனான். நான் எழுதப்போறது கொஞ்சம் நீளும், பிள்ளையை நித்திரையாக்கிப்போட்டு ஆறுதலாய் இருந்து வாசி.

முதல்ல உன்னோடை கொஞ்சம் கோவம் இருக்கு, அதைச் சொல்லிப்போடுறன். உன்ர மனுசன் உன்னை விட்டிட்டு வேறை ஒருத்தியோடை போய் ஒரு வருசமெண்டு இப்பதான் எழுதுறாய். ஒவ்வொரு கடிதத்திலையும் அவர் வேலையால வர இரவாகுது, அதுதான் கையெழுத்து வைக்கேல்லை எண்டு எழுதினாய். நானும் விசரன் மாதிரி அவருக்கு லேசான வேலை கிடைக்கவேணுமெண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனான். சொன்ன செபமாலை வீணாய்ப் போகாது, அதையெல்லாம் உங்கள் ரெண்டு பேருக்கும் மாத்தி விடச் சொல்லி மாதாவுக்குச் சொல்லியிருக்கிறன். ஒரு வருசம் தனிய இருந்து அழுதிருப்பாய், அதை நினைச்சு நான் இரவிரவாய் எழும்பி இருக்கிறன். ஊர் என்ன கதைக்குமெண்டு நீ பயப்பிடத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் கோயில் வாசலில நிக்கேக்கை நானே சொல்லிப்போட்டன், என்ர மருமகன் ஓடிப்போட்டார், மகள் சுகமாய் இருக்கிறாள், வேறை ஏதும் கேக்கிறதெண்டால் இப்பவே கேளுங்கோ எண்டு. பேந்து மூண்டு பேர் வீட்டை வந்து முட்டை குடுத்திட்டுப் போகினம். எனக்கேன் முட்டை எண்டு எனக்கு விளங்கேல்லை, வாங்கி வைச்சிருக்கிறன்.

இனி விசயத்துக்கு வாறன். அங்கை உன்னோடை இருக்கிற மேரிஜோசப்பின் மே மாதம் தன்ர தாயைப் பாக்க ஊருக்கு வரேக்கை ஜெசிந்தாவை அவவோடை உங்களிட்டை அனுப்பிவிடப்போறன், பள்ளிக்கூடம் போற வயது வரைக்கும் அப்பு வைச்சிருங்கோ, நான் இரவு வேலைக்கு மீன் கொம்பனிக்குப் போகப்போறன் எண்டு எழுதியிருந்தாய். சத்தியமாய்ச் சொல்லுறன், அதை வாசிச்ச உடனை எனக்குப் புளுகம் தாங்கேல்லை. கட்டில் காலுக்கு ஆணி அடிச்சு, கிணத்துக்கு மூடி செய்து, பக்கத்து வீட்டு அன்னபூரணத்தாரிட்டைப் பசுப்பாலுக்கும் சொல்லிப்போட்டன். ரெண்டு நாள் இப்பிடி ஆடித் திரிஞ்சிட்டு மூண்டாம் தரம் உன்ர கடிதத்தை எடுத்து வாசிக்கேக்கைதான் கீழை நீ எழுதியிருந்தது வடிவாய் விளங்கினது. கொம்யூன் எண்டு நீ சொல்லுற, எங்கடை கிராமசபை மாதிரிக் கந்தோரில ஒரு மனுசி உன்னைக் கூப்பிட்டு, தனிய பிள்ளை வளக்கிறவைக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு தரும், பிள்ளையை நேசறியில பாப்பினம், நீ அந்த நாட்டுப் பாசையைப் படிச்சு முடிச்சிட்டு ஆசுப்பத்திரி வேலைக்கு ரெண்டு வருசம் படிக்கலாம், பேந்து வேலைக்குப் போகலாம், சித்திரை முடிய முன்னம் பதில் சொல்லு எண்டு சொன்னதாம். நீ மாட்டன் எண்டிட்டு வந்தனியாம். ஏனெண்டால் அப்பு அம்மா செத்தாப்போலை ஒருத்தரிட்டையும் கை நீட்டாமல் என்னை வளத்தவர், அப்பிடிப்பட்டவருக்குப் பிள்ளையாய்ப் பிறந்திட்டு நான் சும்மா இருந்து காசு வாங்க மாட்டனாம். மோனை, நீ சொல்லுற அப்பு நான் இல்லை.

கொம்மா நெருப்புக்காய்ச்சலில போகேக்கை உனக்கு ஒன்பது மாதம். நான் அப்ப வள்ளமும் வலையும் வைச்சிருந்த சில்வெஸ்ரர் சம்மாட்டியாற்றை வலையில பங்குக்குப் போறனான். உன்னைத் தூக்கி வைச்சிருக்க வீட்டில ஒரு குஞ்சு இல்லை, கடலுக்குப் போனால் நீ அழுவாய், போகாட்டில் அடுப்பு எரியாது. எங்கடை வலையில அந்தக் காலம் ஒரு வழக்கம் இருந்தது. மீனைப் பிரிக்கேக்கை கோயில் பங்கை எடுத்து வைச்சாப்போலை, அண்டைக்குக் கடலுக்கு வர ஏலாதவனுக்கெண்டு ஒரு பங்கு ஒதுக்குவினம். காய்ச்சல்காரன், கால் முறிஞ்சவன், புருசனைப் பறிகுடுத்தவள், ஆரெண்டாலும் சரி, பிரிக்கிறவர் கேள்வி கேக்க மாட்டார். கொம்மா செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிஞ்ச அடுத்த நாள் சில்வெஸ்ரர் அந்தப் பங்கைக் கொண்டுவந்து எங்கடை முத்தத்தில வைச்சிட்டுப் போனார். நான் அதை அப்பிடியே தூக்கிக்கொண்டு போய் அவற்றை வாசலில வைச்சனான். அடுத்த நாளும் கொண்டந்தார், நானும் கொண்டுபோனனான். மூண்டாம் நாள் அந்த மனுசன் கும்பிடாத குறையாய், குருசு, இது உனக்கில்லை, பிள்ளைக்கு எண்டு சொன்னவர். வலை இழுக்காதவனுக்குப் பங்கு என்னத்துக்கு, என்ர பிள்ளையைப் பிச்சைக்காரி ஆக்காதையுங்கோ எண்டு ஊர் கேக்கக் கத்திப்போட்டன். எனக்கு அப்ப இருபத்தேழு வயது, உடம்பில பெலன் இருந்தது, கண்டறியாத ரோசமும் இருந்தது. ஒரு கிழமையில உன்னைத் தூக்கிக்கொண்டு நெடுந்தீவு வள்ளத்தில ஏறிப் போய் என்ர தங்கச்சி அல்போன்சம்மாவிட்டைக் குடுத்திட்டு, நீ நித்திரையாய்க் கிடக்கேக்கை சொல்லாமல் வந்திட்டன். மாமி தனக்குப் பிள்ளை இல்லையெண்டு ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினவ எண்டுதானே உனக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். அவ கேக்கேல்லை. இப்பிடிச் செய்யாதை அண்ணை எண்டுதான் சொன்னவ. நான்தான் திணிச்சிட்டு வந்தனான். முப்பது வருசத்துக்குக் கிட்ட அந்தப் பொய்யை அவவின்ர தலையில ஏத்தி வைச்சிருக்கிறன், அவவும் ஒரு சொல்லு மறுத்துப் பேசேல்லை.

மாதத்தில ஒருக்கால் மீன் கொண்டு உன்னைப் பாக்க வருவன். முதல் முதல் தவழ்ந்து வந்தனி, பேந்து வாசலில நிண்டு பாத்தனி, அதுக்குப் பிறகு மாமியின்ர சீலைக்குப் பின்னாலை நிண்டு பாத்தனி. பிள்ளையள் அப்பிடித்தானெண்டு நான் என்னைத் தேற்றிக்கொண்டு திரிஞ்சனான். உனக்கு மூண்டரை வயதாகேக்கை எனக்குக் காலில திருக்கை முள் ஏறிப் புண் பழுத்துப்போச்சு, ரெண்டு மாதம் பாயில கிடந்தன். சில்வெஸ்ரர் மறுபடியும் அந்தப் பங்கைக் கொண்டந்து வைச்சார், பழசு ஒண்டும் கதைக்கேல்லை. நான் சாப்பிட்டன் மோனை. ரெண்டு மாதமும் சாப்பிட்டன், ஒரு நாள்கூட வெட்கமாய் இருக்கேல்லை. ஏனெண்டால் கால் எல்லாருக்கும் தெரியப் புண்ணாய்க் கிடந்தது. ஒரு நாள் விளைமீன் குழம்பை ஊத்திச் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கைதான் சுருக்கெண்டு பட்டது, என்ர காலுக்கு வாங்கின பங்கை என்ர பிள்ளைக்கு வாங்க மாட்டன் எண்டனானே எண்டு. கையைக் கழுவிப்போட்டு அப்பிடியே இருந்து அழுதனான். புண் ஆறினவுடனை நெடுந்தீவுக்கு வந்தன். கையில மீன் இருந்தது. நீ முத்தத்தில விளையாடிக்கொண்டிருந்தனி, என்னை நிமிர்ந்து பாத்திட்டு உள்ளை ஓடிப்போய், அம்மா, மீன்காரர் வந்திருக்கிறார் எண்டு சொன்னாய். மாமிதான் உனக்கு அம்மா, நான் மீன்காரர். அவவுக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை, எனக்கும்தான். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த வள்ளத்தில நீ வழி முழுக்க அவவைக் கேட்டு அழுதாய், வீட்டை வந்தும் மூண்டு நாள் என்ர கையால ஒரு வாய் வாங்கேல்லை. அங்கை கரையில நிண்ட அவவும் கனகாலம் என்னோடை கதைக்கேல்லை. நான் ஒரு பிழை விட்டன், அதுக்கு ரெண்டு பொம்பிளையள் அழுதவை. இதைத்தான் உனக்கு இவ்வளவு காலமும் சொல்லப் பயந்தனான்.

இஞ்சின் திருத்திற குருசுமுத்து எண்டு ஊரெல்லாம் எனக்குப் பேர் இருந்தது உனக்கு நல்ல பெருமை. அது எப்பிடி வந்ததெண்டும் கேள். உன்னைக் கூட்டிவந்தாப்போலை நானே சில்வெஸ்ரரிட்டைப் போய் அந்தப் பங்கைத் தாங்கோ எண்டு கேட்டனான். அந்த மனுசன் முழுக்கக் கேக்க விடாமலே ஓம் எண்டிட்டார். பிள்ளை பள்ளிக்கூடம் போகுமட்டும் கரையில இருந்து கிழிஞ்ச வலையைப் பொத்து, பங்கு வரும் எண்டார். அப்பதான் இஞ்சின் பூட்டின வள்ளங்கள் எங்கடை பக்கம் வரத் தொடங்கினது, சும்மா இருக்கிற நேரம் இதைப் பழகு எண்டு யாழ்ப்பாணத்தில தனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரிட்டைக் கிழமையில ரெண்டு நாள் அனுப்பினவர், பஸ் காசும் அவர்தான். நீ பக்கத்தில இருந்து மண் கிண்டி விளையாடுவாய், நான் கழட்டிப் பூட்டுவன். நீ பாலர் வகுப்புக்குப் போன வருசம் நான் திரும்பவும் கடலுக்குப் போனன், அதுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு பங்கிலையும் வேறை ஆருக்கோ ஒதுக்க நானும் சேந்துதான் பிரிச்சனான். உன்னைப் படிப்பிச்சது அந்தப் பங்கு. நீ சங்கக்கடையில மூண்டு வருசம் பில் எழுதின கெட்டித்தனத்துக்கு அடியில கிடக்கிறது அந்தப் பங்கு. அங்கை அந்தக் கொம்யூன் மனுசி உனக்கு முன்னாலை வைச்சதும் அதுதான், வேறையொண்டுமில்லை. அந்தச் சனமெல்லாம் உழைக்கேக்கை ஒதுக்கி வைச்சது. நாளைக்கு நீ ஆசுப்பத்திரியில வேலை செய்யேக்கை உன்ர சம்பளத்திலையும் எடுப்பினம், அப்ப சந்தோசமாய்க் குடு.

அதால சொல்லுறதைக் கேள். கடிதம் கிடைச்ச அடுத்த நாளே அந்தக் கந்தோருக்குப் போய், முதல் சொன்னது என்ர அப்புவின்ர விசர்க்கதை, இப்ப ஓம் எண்டு சொல்லு. பாசையை ஒழுங்காய்ப் படி, பிழையாய்க் கதைக்க வெட்கப்படாதை, பிழையாய்க் கதைக்கிறவைதான் கெதியாய்ப் பழகினம். இரவு வேலைக்குப் போகாதை, குளிருக்குள்ள மீன் வெட்டிற வேலை வேண்டாம், எங்கடை சந்ததியில இவ்வளவு காலமும் மீன் வெட்டினது காணும். எனக்கு அனுப்பிற காசையும் ரெண்டு வருசத்துக்கு நிப்பாட்டு, என்ர முழங்கால் இப்ப கடலுக்கு விடாது, பெடியள் எனக்கும் பங்கு கொண்டந்து தருகினம், நான் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு ராசாவாட்டம் இருக்கிறன். ஏலுமெண்டால் அல்போன்சம்மா மாமிக்கு ஒரு கடிதம் போடு, இவ்வளவும் உனக்குத் தெரியுமெண்டு எழுது, அவவுக்கு அது பெரிய ஆறுதலாய் இருக்கும். மேரிஜோசப்பினின்ர தாயாரிட்டை நேற்று நானே நடந்து போய்ச் சொல்லிப்போட்டு வந்தனான், மாக்கிறேற் அழுது குடுத்தாலும் அந்தப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வரக்கூடாது எண்டு மகளுக்கு எழுதச் சொல்லி. அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா, தாத்தாவுக்குப் பேத்தியில ஆசையில்லைப்போலை எண்டு நினைச்சிருப்பா. ஆசையில்லை எண்டு நீயும் நினைச்சிடாதை. நீ அனுப்பின அவளின்ர படத்தை மாதா சுருவத்துக்குப் பக்கத்திலதான் வைச்சிருக்கிறன், செபமாலை பிடிக்கேக்கை கண் மாதாவில நிக்குதில்லை. அவளை ஒரு தரம் தூக்காமல் செத்துப்போவனோ எண்டு பயமாயும் இருக்கு. எண்டாலும் அனுப்பவேண்டாம். நான் ஆரெண்டு அவளுக்குத் தெரியாமல் போனால் அதை நான் தாங்குவன் மோனை. நீ ஆரெண்டு அவளுக்குத் தெரியாமல் போனால் அது எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும்.

உன்ர நெத்தியிலையும் சின்னவளின்ர நெத்தியிலையும் இஞ்சையிருந்தே சிலுவை போட்டு விடுறன். கொம்மாவின்ர ஆசீர்வாதமும் மேலையிருந்து வரும். சித்திரை முடிய முன்னம் போய்க் கையெழுத்து வைச்சிட்டு, வைச்சிட்டன் எண்டு ஒரு வரியெண்டாலும் எழுதிப் போடு, அது வருமட்டும் நான் தபால்காரனை வழி மறிச்சுக்கொண்டுதான் நிப்பன்.

இப்படிக்கு,
உன்னைக் குடுத்திட்டுத் திரும்பக் கேட்டு வாங்கின உன்ர அப்பு,
சூ. குருசுமுத்து