பாஸ்போட்டோடு வந்த பூனை

2 ஜூலை 2025, புதன்

இரண்டு பஸ் நிறைய ஜெர்மன்காரர்கள். கறுவாப் பட்டையை உடைத்து உடைத்து முகரக் கொடுத்து, கதை சொல்லிச் சொல்லி, தொண்டை கட்டிவிட்டது. ஸ்பைஸ் கார்டன் வேலையில் இதுதான் கரைச்சல், பொழுதெல்லாம் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஃபோன் வந்தது. தங்கச்சி பஸ்லா. மிலானில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டாளாம், சனிக்கிழமை வருகிறாளாம். "தனியா வரல்ல ராத்தா, நீனாவும் வருது."

பிள்ளையா என்று கேட்டேன். பூனையாம்.

போய்ப் பன்னிரண்டு வருஷம். வாப்பாவை அடக்கிய ஜனாஸாவுக்கு வராதவள், பூனையைக் கூட்டிக்கொண்டு வருகிறாள்.

5 ஜூலை, சனி

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். முடியில் நரை. கட்டிப்பிடிக்க வந்தாள், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

பூனை கூடையிலிருந்து இறங்கியது. புது இடம் என்று ஒரு பயம் வேண்டாமா? ஹோலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு நேரே என்னிடம் வந்து காலில் உரசியது. காலை இழுத்துக்கொண்டேன்.

அப்படி என்ன பெரிய பூனை? மணல் நிறம், சின்ன உடம்பு, பெரிய காது, காலிலும் வாலிலும் கோடு. மாத்தளை மீன் மார்க்கட்டில் குடல் பொறுக்கித் திரிகிற அதே பூனை. அப்படியே சொன்னேன். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது.

"இது சிலோன் கேட், ராத்தா. வம்சப் பத்திரம் இருக்கு. பாஸ்போட் இருக்கு."

"எந்த சிலோன்?"

"நம்மட சிலோன்தான்."

8 ஜூலை, செவ்வாய்

இன்று தேத்தண்ணி குடிக்கும்போது பாடம் நடத்தினாள். எண்பத்து நாலில் ஒரு இத்தாலிய மிருக வைத்தியர் இலங்கைக்கு வந்தாராம். ரோட்டில் திரிந்த பூனைகளைக் கண்டு ஆசைப்பட்டு, சிலதைக் கொண்டுபோய் வளர்த்தாராம். அதுகளின் வழியில் வந்த பெட்டைதான் இந்த நீனா. ஒரு மயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஒரே மயிரில் இருட்டும் பொன்னும் மாறி மாறி வருகிறது. நெற்றியில் உள்ள கோட்டைப் பார்த்தால் நாகம் படமெடுத்த மாதிரி இருக்க வேண்டுமாம். கண் பச்சையும் மஞ்சளும் கலந்து. குணம்? "யாரோடயும் ஒட்டிக்கும், ராத்தா. தனியா இருக்க ஏலாது."

வெள்ளைக்காரன் கறுவாவைக் கொண்டு போனான், மிளகைக் கொண்டு போனான், இப்போது தெருப் பூனையையும் கொண்டுபோய்ப் பேர் வைத்து அனுப்பியிருக்கிறான். அதற்கு என் வீட்டில் மெத்தை!

என் வீடு என்றா எழுதினேன்? ஆமாம். என் வீடு.

11 ஜூலை, வெள்ளி

வாப்பாவின் அறையை எடுத்துக்கொண்டாள். எனக்குத் தெரியும், எடுப்பாள் என்று. ஆனால் வாப்பா தொழுத மூலையில் பூனை வெளிக்கிருக்கிற மண் தட்டு! கத்திவிட்டேன். "பூனை நஜீஸ் இல்ல ராத்தா, அசுத்தம்னு மார்க்கத்துல இல்ல, உங்களுக்குத் தெரியும்தானே" என்கிறாள். எனக்கு மார்க்கம் சொல்லித் தர வந்துட்டா. வாப்பாவுக்குக் கை கால் விழுந்து கிடந்தப்போ மலம் அள்ளினது யாரு? அப்ப எங்க போச்சு இந்த மார்க்கம்?

தட்டை வெளியே வைத்துவிட்டாள்.

20 ஜூலை, ஞாயிறு

கேட்டுவிட்டாள். "வீடு ரெண்டு பேருக்கும்தானே வாப்பா எழுதினாங்க. நான் இனிப் போக மாட்டேன் ராத்தா. பின்பக்கம் எனக்கு விட்டுத் தாங்க, சமைக்க ஒரு குசினி கட்டிக்கிறேன்."

கூரை ஒழுகியபோது ஓடு மாற்றியவள் நான். என் புருஷனும் மவுத்தான பிறகு இந்தச் சுவர்களோடு தனியாகக் கிடந்தவள் நான். இப்போது வந்து பின்பக்கமாம்.

வாப்பாவின் அறைப் பக்கம் போகிற நடுக்கதவுக்குப் பூட்டு வாங்கி வந்து போட்டேன்.

27 ஜூலை, ஞாயிறு

பூட்டு போட்டும் பயன் இல்லை. பூனை ஜன்னலால் இந்தப் பக்கம் வருகிறது. நான் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்கிறது. விரட்டினால் இரண்டு அடி தள்ளிப்போய் மறுபடி உட்கார்கிறது. வெட்கம் கெட்ட ஜாதி.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் "நீனா, நீனா" என்று கூப்பிடுகிறாள். அது என் மடிக்குப் பக்கத்திலிருந்து அசையவில்லை. பதில் சொல்லாமல் இருந்தேன். நல்லா கூப்பிடட்டும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

செய்துவிட்டேன்.

பஸ்லா மாத்தளைக்குப் போயிருந்தாள், கூடப் படித்த நுஸ்ராவைப் பார்க்க. பிஸ்கட் பெட்டி ஒன்றை எடுத்தேன். பூனையைப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை, பெட்டியைக் கண்டதும் தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மூடிக் கயிறு கட்டி யட்டவத்தை பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் பெட்டிக்குள்ளே குறுகுறு என்று சந்தோஷச் சத்தம். பக்கத்தில் இருந்த பொம்பிளை சிங்களத்தில் "குட்டியா?" என்று கேட்டாள். கோழி என்றேன்.

சந்தைக்குப் பின்னால், கருவாட்டுக் கடைகள் இருக்கிற பக்கம், பெட்டியைத் திறந்து விட்டேன். ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான்தான் ஓடினேன்.

வீட்டுக்கு வந்து கறி ஆக்கினேன். மனசு லேசாக இருக்கிறது. நிஜமாகவே லேசாக இருக்கிறது.

4 ஆகஸ்ட், திங்கள்

தேடுகிறாள். அழவில்லை. தேடுகிறாள்.

7 ஆகஸ்ட், வியாழன்

த்ரீவீல் ஓட்டுகிற ஹுஸ்னியிடம் படத்தைக் காட்டியிருக்கிறாள். அவன் எங்கள் ஊர் பலாபத்வல முழுக்கச் சொல்லிவிட்டான். காலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஆளுக்கொரு பூனையோடு. சொப்பிங் பேக்கில், சாக்கில், கோழிக் கூட்டில். எல்லாமே மணல் நிறம், எல்லாமே கோடு. பார்த்தால் எனக்கு எல்லாம் நீனாதான்.

அவள் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்கிறாள். "இதுக்கு நெத்தியில படம் இல்ல." "இதுக்குக் காது கூரா இருக்கு, நீனாவுக்கு நுனி உருண்டை." "இது பயப்படுது, நீனா பயப்படாது." ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறாள்.

"இத்தாலிக்குப் போகாமலே இவ்வளவு சிலோன் கேட் இருக்கே மிஸ்" என்றான் ஹுஸ்னி. நான் சிரித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினேன்.

13 ஆகஸ்ட், புதன்

பெரிய சண்டை.

மூன்று நாளாகச் சாப்பிடவில்லை அவள். ஒரு பூனைக்கு இவ்வளவா என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"உங்களுக்குச் சந்தோசம்தானே?" என்றாள். பிறகு கொட்டிவிட்டாள். புருஷன் அகீல் இவளை விட்டுப் போய் அஞ்சு வருஷமாம். ஒரு இத்தாலியக் கிழவியைப் பார்க்கிற வேலைதான் செய்துகொண்டிருந்தாளாம். அந்தக் கிழவி வளர்த்த பூனை இது. கிழவி செத்த மறுநாள் மகன் வந்து வீட்டைப் பூட்டிவிட்டு, தெருவில் வைத்து இவள் கையில் பூனையைக் கொடுத்தானாம். "அந்த ஊர்ல நான் கதவத் தொறந்தா வாசலுக்கு வந்தது அது மட்டும்தான் ராத்தா."

"வாப்பாவும்தான் வாசலப் பாத்துக்கிட்டே கிடந்தாங்க. ஏன் வரல்ல?"

"வந்தா திரும்பிப் போக ஏலாது. எனக்கு அப்ப விசா இருக்கல்ல."

"பூனைக்குப் பாஸ்போட் எடுக்கத் தெரிஞ்சவளுக்கு விசா எடுக்கத் தெரியல்லையா?"

என்ன வார்த்தை அது. என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

நான் என்ன பொய்யா சொன்னேன்? அஞ்சு வருஷமா அவன் விட்டுப் போனத எனக்குச் சொன்னாளா? ஃபோன் எடுக்கும்போதெல்லாம் "நல்லா இருக்கோம் ராத்தா"தானே சொன்னா?

நான் கேட்டேனா? எடுத்த உடனே வாப்பாவின் மருந்து, வாப்பாவின் வருத்தம். அதுதான் சொன்னேன், குத்துகிற மாதிரி.

17 ஆகஸ்ட், ஞாயிறு

யட்டவத்தைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

சந்தைக்குப் பின்னால் பூனைக்கா பஞ்சம். மீன் தலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டு ஒரு பட்டாளமே நின்றது. குந்தி இருந்து நெற்றி நெற்றியாகப் பார்த்தேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். சாக்குக்கு அடியில் ஒன்று படுத்திருந்தது. மணல் நிறம். நெற்றியில் படம், தெளிவாக. காது நுனி உருண்டை. கண் மஞ்சளும் பச்சையும். நீனா என்றேன், திரும்பிப் பார்த்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பிடிக்கும்போது கையைக் கிழித்துவிட்டது. பசியில் மாறிப்போயிருக்கிறது என்று நினைத்தேன். பஸ்ஸில் பெட்டி குதித்துக்கொண்டே வந்தது.

பஸ்லா அறைக் கதவைத் தட்டிப் பெட்டியைக் கொடுத்தேன். திறந்தாள். ஒரு நிமிஷம் அவள் முகம்— அதை எப்படி எழுத. சின்னப் பிள்ளையில் இருந்த முகம்.

பிறகு கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள், வாலை விலக்கிப் பார்த்தாள்.

"இது கடுவன், ராத்தா."

நான் பெட்டியின் கயிற்றைச் சுருட்டினேன்.

"எங்கேர்ந்து கொண்டு வந்தீங்க?"

"யட்டவத்தைல."

"நீனா யட்டவத்தைக்கு எப்படிப் போச்சு?"

கையில் வழிந்த இரத்தத்தை முந்தானையால் துடைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

ஹுஸ்னியின் த்ரீவீலில் விடியக் காலையில் போய், பகலில் வந்தாள். நீனா மடியில்.

அவளிடம் கேட்க முடியாது, ஹுஸ்னியிடம் கேட்டேன். கருவாட்டுக் கடை ஸெய்னுலாப்தீன் நானாவின் கடையில்தான் இருந்திருக்கிறது. தராசுக்குப் பக்கத்தில் துணி விரித்துப் படுக்கை. நல்லா கொழுத்திருக்கிறதாம். நான் விட்டுவிட்டு வந்த அன்றைக்கே கடைக்குள் போய் அந்த மனுஷனின் மடியில் ஏறிவிட்டதாம். அவர் தரமாட்டேன் என்று நின்றாராம், பஸ்லா அழுததைப் பார்த்துத்தான் தந்தாராம்.

"ஒரு பொம்பிள பெட்டில கொண்டு வந்து விட்டுட்டு ஓடினாங்கன்னு நானா சொன்னாரு" என்று இழுத்தான் ஹுஸ்னி. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டது.

நான் நேற்றுப் போனபோது அந்தக் கடை வாசலால்தான் நடந்தேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. குப்பைக்குப் பக்கத்தில் தேடினேன். என் எண்ணத்தில் அதன் இடம் அதுதான்.

21 ஆகஸ்ட், வியாழன்

போய்விட்டாள். மாத்தளையில் நுஸ்ராவின் வீட்டு மேல்மாடியில் இருக்கப் போகிறாளாம். பெட்டியை ஹுஸ்னி தூக்கினான். வாசலில் நின்று என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "வீட்டுல எனக்குள்ளத நான் விட மாட்டேன். ஆனா உங்களோட ஒரு கூரைக்குள்ள நீனாவ வெச்சிட்டு எனக்குத் தூங்க ஏலாது."

"போ" என்றேன். வேறென்ன சொல்ல?

கடுவனை அவள் கொண்டுபோகவில்லை. "அது நீங்க பிடிச்சது."

22 ஆகஸ்ட், வெள்ளி

வீடு முழுவதும் எனக்குத்தான்.

30 ஆகஸ்ட், சனி

கடுவன் போகிற பாடில்லை. வம்சமும் இல்லை, பாஸ்போட்டும் இல்லை, மரியாதையும் இல்லை. கோழியின் சோற்றைத் தின்கிறது. நான் கிட்டே போனால் சீறுகிறது. விறகுக்குள் படுக்கிறது. அதுவும் நானும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு ஒரே முற்றத்தில் இருக்கிறோம்.

தோட்டத்தில் இன்றைக்கு ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை, நான் சிரிக்கவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

6 செப்டம்பர், சனி

நடுக்கதவுப் பூட்டைக் கழற்றினேன். காற்று வருவதற்கு.

14 செப்டம்பர், ஞாயிறு

கடுவன் இரண்டு நாளாக விறகுக்குள்ளிருந்து வரவில்லை. எங்கோ சண்டை பிடித்து, காதடியில் பெரிய காயம், சீழ் வைத்து வீங்கியிருக்கிறது. தண்ணியும் குடிக்கவில்லை. சோறு வைத்தேன், மீன் வைத்தேன். சீறக்கூட இல்லை. சீறாதது எனக்குப் பயமாக இருந்தது.

ஃபோனை எடுத்து வைத்தேன். மறுபடி எடுத்தேன். படம் எடுத்து அனுப்பினேன், கீழே "காயம். சாப்பிடுதில்ல. என்ன செய்ய?" என்று மட்டும். ஸலாம் போட்டேனா என்று பிறகுதான் யோசித்தேன். போடவில்லை.

பகல் ளுஹர் தொழுது முடித்தும் பதில் இல்லை. சரி, வராது என்று இருந்தபோது வந்தது. அவளும் ஸலாம் போடவில்லை.

"மஞ்சள் பூச வேணாம். டவல்ல சுத்தி வைங்க. டொக்டரக் கூட்டிட்டு வாறேன்."

சுற்றி வைத்தேன். கடிக்கவில்லை, பாவம். மடியில் அனலாகக் கொதிக்கிறது. அதன் தலையைப் பிடித்துக்கொண்டுதான் இடது கையால் இதை எழுதுகிறேன், கோணல் மாணலாக.

இரண்டு பேருக்கு அரிசி போட்டிருக்கிறேன். அவள் சாப்பிடாமல் போனால் கோழிக்குக் கொட்டலாம்.