ஈஸ்ட் போடாத தொட்டிகள்

ஓடைப்பட்டி
சனிக்கிழமை

அன்புள்ள நதியாவுக்கு,

உன் கடல் அட்டைகள் பெருத்தது தீனியில் கலந்த ஈஸ்டாலா, இல்லை அதே மாதம் தொட்டிகளில் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்ததாலா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியும் தெரியவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

இங்கே திராட்சை பிஞ்சு பிடித்திருக்கிறது, அப்பா பந்தலுக்கு அடியிலேயே குடியிருக்கிறார். நேற்று சோணையம்மாள் அத்தை வந்தார். மாலத்தீவில் நீ அட்டை வளர்க்கிறாய் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஏத்தா, மேகமலைக்குப் போனா அட்டை அதுவா வந்து கால்ல ஏறும், அதுக்குப் போயி ஒம்மக எதுக்குக் கடலத் தாண்டிப் போனா?" என்றார். இது ரத்தம் குடிக்காது, கடலடியில் மண்ணைத் தின்று கிடக்கும், சீனாவில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், நோய் வராமலிருக்கத் தீனியில் சத்து கலந்து கொடுக்கிறாள் என்று விளக்கினேன். "அட்டைக்குச் சத்துமாவா! நமக்கு யாரு குடுக்கா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஈஸ்டால்தான் வளர்ச்சியும் நோய் எதிர்ப்பும் கூடின என்று அறிக்கையில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடாவிட்டால் வேலையை நீட்டிப்பார்களோ மாட்டார்களோ என்று பயப்படுகிறாய். எல்லாத் தொட்டிக்கும் ஈஸ்ட் போட்ட பிறகு எதோடு ஒப்பிடுவாய்? தோல் புண்கள் ஆறியது உண்மைதான், நெருக்கம் குறைந்தாலும் ஆறும். எண்ணிக்கையை ஒரே அளவில் வைத்து, மூன்று தொட்டிகளுக்கு மட்டும் ஈஸ்ட் இல்லாத தீனி போட்டுப் பார்க்க அனுமதி கேள், அதுவரை கையெழுத்து வேண்டாம். நீ திரும்பி வர வேண்டும் என்ற ஆசையில் இதைச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆசை இருக்கத்தான் செய்கிறது, அது இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நாளைக்கு அப்பா பந்தலுக்குக் கடல்பாசி டானிக் அடிக்கிறார். அது வேலை செய்கிறதா என்று நாமும் பார்ப்போம், ஓரத்து வரிசையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். "அந்த வருச என்ன பாவம் பண்ணுச்சு? உரக்கடைக்காரக எல்லாத்துக்கும் அடிக்கத்தான சொன்னாக" என்றார். அப்புறம் அரைமனதாகச் சரி என்றார். உன் மேலாளரும் இப்படித்தான் கேட்பார், கோபப்படாமல் பதில் சொல்.

ஈர உடையோடு உட்காராதே, கண் டாக்டரைப் பார்க்க மறக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைபட்ட உயிரெல்லாம் பிழைக்க வேண்டும்.

பிரியமுள்ள
அம்மா

ஞாயிறு. உறையை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த மூன்று தொட்டிகளுக்கும் நீயே தீனி போடு, மற்றவர்களிடம் விடாதே. காலையில் டானிக் அடித்துவிட்டு வந்த அப்பா, ஓரத்து வரிசையை விட்டுவிட்டதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். அந்த இலைகளிலும் டானிக் வாடை. கேட்டதற்கு, "காத்துல தெறிச்சிருக்கும்" என்றார். பந்தலில் ஒரு இலைகூட அசையவில்லை.