மழையில் கரைந்த மீசை

ஐப்பசி 12, திங்கள்

விடாத மழை. கூரை ஒழுகல். முழங்கால் வலி, வழக்கம்போல்.

கங்காணி எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வந்து சொன்னது: "வியாழக்கெழம பெரட்டுல, எல்லாரும் வரிசைல நிக்கிறப்ப, பெரிய தொரை ஆள் பாக்குறாரு. நரச்சவங்கள கப்பலேத்தி ஊருக்கு அனுப்பப் போறாங்க." ரப்பர் விலை விழுந்ததிலிருந்து இதே பேச்சு.

ஊரில் எங்களுக்கு யார்? வீடும் இல்லை, பிள்ளையும் இல்லை. பயமாக இருக்கிறது. பெண்டாட்டி அங்கம்மாவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

செவ்வாய்

மழை. கருவாடு தீர்ந்தது. உப்பும்.

என் பெண்டாட்டி பயப்படுகிற ரகம் இல்லை. விளக்குக் கரியைச் சுரண்டினாள், கஞ்சியில் குழைத்தாள், என் நரைத்த தலையில் அப்பினாள். "வாய மூடிட்டு உக்காருங்க. மீசைக்கும் சேத்துப் பூசணும்." தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ லட்சணமா இல்ல" என்றாள்.

புதன்

விஷயம் பரவிவிட்டது. வாசலில் கிழவர்கள் வரிசை. "மாமா, தலைய ஆட்டாதீங்க!" என்று அங்கம்மா அதட்டல். பக்கத்து வீட்டு முனியனுக்குப் பல்லே இல்லை. அதற்கு அவளிடம் மருந்தில்லை. வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பினோம்.

வியாழன்

விடியற்காலைப் பெரட்டு. களத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றோம். துரை வந்தார். கூடவே மழையும்.

கன்னத்தில் கறுப்பாக வடிந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். வரிசை முழுக்க அதே கோலம். தொலைந்தோம்.

"என்னா இது?" என்றார் துரை.

பதில் சொல்ல வேண்டிய கங்காணியின் மீசையிலும் மை ஒழுகல்! எத்தனை வருடமாக நாற்பது வயது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், படுபாவி. திணறித் திணறிச் சொன்னார்: "கருப்பசாமி வேண்டுதல், தொரை. வயசானவங்க கரி பூசிக்கணும். மாசாமாசம்."

துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அடுத்த மாசம் என் தொரசானி வரும். இத பாக்கணும். கெழவன் ஒருத்தனும் போகக் கூடாது!"

வெள்ளி

மழை விட்டது. கப்பல் பேச்சே இல்லை. முனியன் வாயைத் திறந்து சிரிக்கிறான்.

மாலையில் அங்கம்மா முக்காட்டை எடுத்துத் தலை உலர்த்தினாள். வெள்ளை வெளேர். தோட்டத்துக்கே பூசியவள் தனக்குப் பூசிக்கொள்ளவில்லை. பெரட்டில் பெண்கள் வரிசையில் அப்படியேதான் நின்றிருக்கிறாள்.

"முக்காட்ட எடுக்கச் சொல்லியிருந்தா?"

"கரி உங்களுக்கே பத்தல. நான் என்ன பண்ணட்டும்?"

கோபமாக வந்தது. அழுகையும். அடுத்த மாதம் முதல் பூச்சு இவளுக்குத்தான். இப்போதே விளக்கில் இரண்டு திரி போட்டு, கரி பிடிக்க மேலே சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.