கவிழ்த்த படகின் அடியில்

ஏப்ரல் 19
ஏரிக்கரைச் சங்கக் கூட்டத்தில் நான் கை தூக்கிப் பேசினேன்.  தொண்ணூறு கனடா வாத்துகள், புல்தரை முழுக்க எச்சம். சங்கம் அழைக்க நினைக்கும் வாத்து பிடிக்கும் ஆட்கள் வந்தால், இறகு உதிர்ந்து பறக்க முடியாத ஜூன் மாதத்தில் வலைக்குள் ஓட்டி மொத்தமாகக் கொன்றுவிடுவார்கள். நான் சொன்னது மலிவான வழி: முட்டையில் சோள எண்ணெய் பூசிக் கூட்டிலேயே திரும்ப வைப்பது. பொரிக்காது; முட்டை கூட்டிலேயே இருப்பதால் தாய் மறுபடி இடவும் இடாது. தலைவி வெர்னா ஒப்புக்கொண்டாள். "ஆனா ஜூன் எட்டாம் தேதி எண்ணுவேன், ஆர்வின். அஞ்சு குஞ்சுக்கு மேல இருந்தா வலைக்காரங்கதான்."

ஏப்ரல் 24
அனுமதிச் சீட்டு வந்தது. பதினான்கு கூடு, எழுபத்தொரு முட்டை. ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் விட்டேன். மிதந்தால் உள்ளே உயிர் முற்றிவிட்டது, பூசக் கூடாது. எல்லாம் மூழ்கின. சீறி வந்த ஆண் வாத்தை வெர்னா குப்பைத்தொட்டி மூடியால் தடுத்தாள். "சீக்கிரம் தடவுப்பா! சாலடா கலக்குறே?"

மே 3
மழை. எண்ணெய் கழுவிப் போயிருக்குமோ? போகாது என்கிறது அனுமதிச் சீட்டோடு வந்த கையேடு. இரண்டு முறை படித்தேன்.

மே 26
ஒரு குஞ்சுகூட இல்லை. நம்பலாமா?

மே 29
ஐயோ, என் வீட்டிலேயே! கார் கொட்டகைக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த படகின் அடியிலிருந்து வரிசையாக ஆறு மஞ்சள் குஞ்சுகள். முட்டி அறுவைக்குப் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை. ஊரார் புதரெல்லாம் குனிந்து தேடினவன்! என் மனைவி மார்லிஸுக்கு ஏப்ரலிலேயே தெரியுமாம்.
"சொல்லியிருக்கலாமே?"
"ஏரியைச் சுத்தி எல்லார் கதவையும் தட்டிக் கேட்டே. என்கிட்ட கேட்டியா?"
நாற்பத்தாறு வருடக் குடித்தனம்.
ஆறு. ஒன்று அதிகம்.

ஜூன் 5
"ஒண்ணைக் கொட்டகையில அடைச்சிரலாம்" என்கிறாள் மார்லிஸ். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட என்னால் முடியுமா? போடாவிட்டால் தொண்ணூறும்...

ஜூன் 8
பத்து மணிக்கு வெர்னா வருவதாக ஏற்பாடு. ஒன்பதே முக்காலுக்கு மார்லிஸும் நானும் படித்துறையில் நின்றோம். கடைசிக் குஞ்சு பின்தங்கி நீந்தியது. அடியிலிருந்து ஏரி ஆமை ஒன்று அதைக் கவ்வி இழுத்தது. தண்ணீரில் ஒரு சுழி, அவ்வளவுதான். சத்தமே இல்லை. தாய் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.
வெர்னா எண்ணினாள். "அஞ்சு. அதுவும் உன் வீட்டுலயா! தப்பிச்சே, போ." படிவத்தில் ஐந்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வலைக்காரர்கள் வரமாட்டார்கள்.
 சாயங்காலம் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே மார்லிஸ் கேட்டாள்.
"ஆமை இழுத்தப்ப உன் முகத்தைப் பாத்தேன், ஆர்வின். சிரிச்சியா?"