கப்பல் காணாமல் போன வீட்டில் மீன் பொரியல்

லின்ஃபீல்ட், ஆக்லாந்து

அன்புள்ள மகள் சோபனாவுக்கு,

நீயும் மருமகனும் கனடாக் குளிருக்குள் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி என்ன எழுத, எழும்பி நடக்கிறோம், அவ்வளவுதான். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் தம்பி திலக்சன் இஞ்சினியராக இருக்கும் கப்பல் ஆபிரிக்காப் பக்கம் காணாமல் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. கம்பனிக்காரருக்கு ஒரே பாட்டுத்தான். கடற்கொள்ளையர் பிடித்திருந்தால் இதற்குள் காசு கேட்டிருப்பார்களாம், மூழ்கியிருந்தால் எண்ணெயாவது மிதந்திருக்குமாம். அப்படியென்றால் கப்பல் எங்கே என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார்கள். பிடித்த கப்பலின் பெயரை அழித்து வேறு பெயர் எழுதி ஓட்டுவார்கள் என்று அப்பா எங்கேயோ வாசித்துவிட்டு, போனில் கப்பல்கள் ஓடும் வரைபடத்தைத் திறந்து, அதே நீளமுள்ள கப்பல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அது ஒரு தெம்பாக இருந்தது.

இதற்குள் உன் சித்தப்பா செய்த வேலை தெரியும்தானே, தம்பியின் படத்தைப் போட்டு இன்டர்நெட்டில் மரண அறிவித்தல் கொடுத்துவிட்டார். உன் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு வந்த மனுசன், இதற்கு மட்டும் முந்திக்கொண்டார். நீ சண்டை பிடித்து எடுப்பித்தாய், ஆனால் அதற்குள் இங்கே சனம் வாசித்துவிட்டது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று நகரத்தின் மற்றப் பக்கம் வெஸ்ட்கேட்டில் இருந்துகூட மரக்கறிச் சாப்பாட்டோடு வந்து நின்றார்கள். என் பிள்ளை இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனது. ஓம் அக்கா, ஓம் என்று கையைப் பிடித்து அழுகிறார்களே தவிர நம்பவில்லை. கடைசியில் ஸ்னாப்பர் மீன் வாங்கி, ஜன்னலெல்லாம் திறந்துவிட்டுப் பொரித்தேன். துக்க வீட்டில் யாராவது மீன் சமைப்பார்களா. பக்கத்துத் தெரு சாந்தகுமாரி சாப்பாட்டுப் பெட்டியோடு வாசல் வரை வந்து, மணம் பிடித்து, பெட்டியோடு அப்படியே திரும்பிப் போனாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் தினமும் மீன்தான். எனக்கே அது அலுத்துவிட்டது, ஆனாலும் விடமாட்டேன். களைத்துப் போனேன் பிள்ளை.

ஆனால் ஒரு கிழமையாக அப்பா மீனைத் தொடுவதில்லை. வயிறு சரியில்லையாம். பருப்பும் கீரையும் போட்டுச் சாப்பிட்டு எழும்பிவிடுகிறார், நான் வைத்த துண்டு தட்டின் ஓரத்தில் அப்படியே கிடக்கிறது. சவரம் செய்வதில்லை. அந்த வரைபடத்தையும் திறப்பதில்லை. எனக்குத் தெரியாமல் பிள்ளைக்குத் துக்கம் காக்கத் தொடங்கிவிட்டாரோ. கேட்கவும் பயமாக இருக்கிறது, கேட்டால் சொல்லிவிடுவார்.

குளிருக்குள் தலையை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது, ஏன் மீன் சாப்பிடுவதில்லை என்று அப்பாவிடம் மறக்காமல் கேள். உனக்கு அவர் பொய் சொல்லமாட்டார். என்ன சொன்னாலும் எனக்குச் சொல்லாதே.

உன் அம்மா
ரதிதேவி