தேளும் என் மகளும்

ஜூலை 8, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். யு.கே.ஜி. மிஸ்ஸின் முந்தானையை நாற்காலியோடு நூலால் கட்டிவிட்டாளாம் என் மகள் ஆவுடைச்செல்வி. அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் கொண்டுதான் நூலை வெட்டினார்களாம்.

வெட்டிய நூலைப் பார்த்தேன். தறியில் பாவு நூல் அறுந்தால் நாங்கள் போடுகிற முடிச்சு! லீவில் என்னோடு தறிக்கு வந்தபோது பார்த்துப் பழகியிருக்கிறாள். எனக்கு அது கைவர ஒரு மாசம் ஆனது. மிஸ்ஸிடம் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தெருமுனை தாண்டித்தான் சிரித்தேன்.

ஜூலை 9

இவர் ராயகிரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் தன் அக்காவிடம் ஒப்பித்துவிட்டார். வேறு வேலை இல்லை இந்த மனுஷனுக்கு.

ஜூலை 18, ஆடி வெள்ளி

ராயகிரியிலிருந்து வெள்ளைத்தாய் மதினி பையும் கையுமாக வந்து இறங்கிவிட்டார். "ஏட்டி சண்முகக்கனி, பொம்பளப் பிள்ளைய இப்படியா வளக்க? தேளு மாதிரில்லா கொட்டுதா! நான் தேளுருவம் நேந்திருக்கேன்."

வீட்டுக்குள் தேள், பாம்பு வரக் கூடாது என்றுதான் இந்த ஊர்க் கோமதியம்மன் கோயிலில் தகட்டில் செய்த தேளுருவம், பாம்புருவம் வாங்கி உண்டியலில் போடுவார்கள். பிள்ளையின் சேட்டைக்கும் போடலாம் என்று மதினிதான் கண்டுபிடித்திருக்கிறார்.

கோயிலில் தகட்டுத் தேளை ஆவுடை கையில் கொடுத்து, "இதப் போட்டா ஒன் சேட்டையெல்லாம் உள்ள போயிரும், போடு" என்றார். உண்டியலுக்குள் டங்கென்று சத்தம் கேட்டது. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஜூலை 19

காலையில் வெற்றிலை எடுக்கப் பைக்குள் கையை விட்ட மதினி, "தேளு! தேளு!" என்று அலறிக்கொண்டு கட்டில் மேல் ஏறிவிட்டார். முட்டுவலி எங்கே போனதோ!

அதே தகட்டுத் தேள். உண்டியலில் விழுந்தது, பலூனுக்கு நான் கொடுத்திருந்த ஐந்து ரூபாய்.

நான் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் வினை. "சாமிக்கு நேந்தத களவாண்டிருக்கா, ஆத்தாக்காரி சிரிக்கா! பாண்டி, நாளைக்கு இவள என்கூட அனுப்பு. ஒரு வருசம் ராயகிரில இருக்கட்டும். ஒரு சூடு வச்சா தன்னால அடங்குவா."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா சொல்லுததும் சரிதான. கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்" என்றார்.

சூடா? என் பிள்ளைக்கா? பத்து மாசம் சுமந்தது இவங்க அக்காவா? அழுகை அழுகையா வருது. வரட்டும். அழுதாலும் விட மாட்டேன் — எவ வந்து கேட்டாலும் விட மாட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

விடியும்போதே பிள்ளையின் சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு இவர் வாசலில் நின்றார். நான் ஆவுடையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேளை உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள்.

"ஏன் மக்கா உண்டியல்ல போடல?"

"போட்டா சேட்டை போயிரும்னு அத்த சொன்னாவ. எனக்குச் சேட்டை வேணும்மா."

இவருக்கும் அது கேட்டது. பையைக் கீழே வைத்துவிட்டார்.

எழுந்துபோய் மதினியின் பையை எடுத்துக் கொடுத்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு மதினி. நீங்க மட்டும் கெளம்புங்க." ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். மதினி தம்பியைப் பார்த்தார். தம்பி பிள்ளையின் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ஜூலை 25, வெள்ளி

புதுத் தேளுருவம் ஒன்று வாங்கி நானே உண்டியலில் போட்டேன். சேட்டைக்கு இல்லை. எந்தத் தேளும் என் வீட்டுக்குள் வரக் கூடாது தாயே. எதைச் சொல்கிறேன் என்று கோமதியம்மனுக்குத் தெரியும்.

ஜூலை 28

மத்தியானம் தறியிலிருந்து இவர் போன். "ஏட்டி, ஒன் மக தூக்குவாளிக்குள்ள அந்தத் தேள..." அதற்கு மேல் பேச முடியாமல் சிரித்தார். இவரோடு சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஓடிவிட்டார்களாம்.

சாயங்காலம் வந்ததும் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "வாட்டி என் தேளு, மிஸ்ஸுக்குப் போட்ட முடிச்ச அப்பாவுக்கும் காட்டு" என்றார். நூற்கண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

இதை எழுதும்போது அவர் கால் கட்டிலோடு சேர்ந்து கிடக்கிறது. கத்தரிக்கோல் எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். என் மடியில்தான் இருக்கிறது. கொடுக்க மாட்டேன்.